உங்கள் உபயோகத்துக்கு மட்டும்

1996 ஜனவரி 18, வியாழக்கிழமை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். காபி, குளியல், இரண்டு தோசை, ஏழே காலுக்குப் பேருந்து. எட்டு மணிக்குள் மேசையில் இருந்தேன். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்குப் பதிவேட்டு வேலை. யார் எந்த மாத்திரையை எப்போது சாப்பிட்டார், எத்தனை மீதி, என்ன தொந்தரவு சொன்னார் என்று எழுதி வைக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிகளிடம் பேசுவதும் அவர்களுக்கான தாள்களைத் தமிழில் எழுதுவதும் என் பொறுப்பு. கும்பகோணத்தில் படித்துவிட்டு, கல்யாணமாகி இங்கே வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. அன்று காலை ஆறு கோப்புகளைச் சரிபார்த்தேன். ஏழாவதைத் திறந்தபோது டாக்டர் கூப்பிட்டார்.

நாங்கள் பரிசோதித்துக்கொண்டிருந்த மருந்துக்கு இன்னும் பெயர் இல்லை. ஓர் எழுத்தும் மூன்று எண்களும்தான். சர்க்கரை நோய்க்காரர்களின் நரம்புக்குள் இருக்கும் ஒரு நொதி, மிஞ்சிய சர்க்கரையை வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அந்தப் பொருள் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி நரம்பைக் கெடுக்கிறது, கால் எரிகிறது. எங்கள் மாத்திரை சர்க்கரையைக் குறைக்காது. அந்த நொதியை மட்டும் தடுக்கும். கண்ணில் புரை விழுவதையும் சிறுநீரகம் கெடுவதையும்கூட இதே வழியில் தள்ளிப்போடலாமோ என்று டாக்டர்கள் பேசிக்கொள்வார்கள். எப்போதும் ‘லாமோ’ என்றுதான் முடிப்பார்கள்.

அன்று டாக்டர் சொன்ன செய்தியில் ‘லாமோ’ இல்லை. வேறொரு நாட்டில் இதே மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருந்தது. எல்லா இடங்களிலும் உடனே நிறுத்த வேண்டும். சாயங்காலத்துக்குள் ஒருவரைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். அந்த ஒருவர் ஜமால். உணவகத்தில் சமையல் செய்பவர், வயது நாற்பத்து நான்கு. தினம் இரண்டு வீதம் மூன்று மாத மாத்திரைகளை, புட்டிக்கு அறுபதாக மூன்று புட்டிகளில் வாங்கிக்கொண்டு விடுமுறையில் நாகூர் போயிருந்தார். அவர் கொடுத்திருந்த எண் தெருமுனை எஸ்டிடி பூத்துடையது. மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் ஒரே குரல், “சொல்லிடறேங்க” என்றது. யாரும் திரும்ப அழைக்கவில்லை.

“நீங்கள் அந்தப் பக்கம்தானே?” என்றார் டாக்டர். கும்பகோணமும் நாகூரும் ஒன்றல்ல என்று சொல்ல நினைத்தேன். மறுநாள் விமானத்துக்குச் சீட்டுப் போட்டேன்.

ஜனவரி 20, சனிக்கிழமை. காலை எட்டேகாலுக்கு நாகூரில் இறங்கினேன். இரண்டு இரவுகளாகச் சரியாகத் தூங்காததால் தரை லேசாக ஆடியது. ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரையும் ஜமால் பெயரையும் சொன்னேன்.

“எந்த ஜமாலு? சிங்கப்பூர் ஜமாலா, மலேசியா ஜமாலா, ஜித்தா ஜமாலா?”

“சிங்கப்பூர்.”

“அதுல ரெண்டு பேரு இருக்காங்க. மூக்குக்கண்ணாடி போட்டவரா, போடாதவரா?”

அவருடைய உயரம், எடை, ரத்த அழுத்தம், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு எல்லாம் என் நோட்டில் இருந்தன. கண்ணாடி பற்றி ஒன்றும் இல்லை. போடாதவர் வீட்டுக்கு முதலில் போனோம். அது சரியான வீடாக இருந்தது.

கதவைத் திறந்தவரின் முகத்தைக்கூட நான் முழுதாகப் பார்க்கவில்லை. கண்ணின் வெள்ளையைத்தான் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது. மூச்சு விட்டேன்.

“அக்கா! நீங்களா?” என்றார் ஜமால். “ஹமீதா, இங்க வா. நான் மாத்திர ஒழுங்கா சாப்பிடறேனான்னு பாக்க பிளேன் ஏறி வந்திருக்காங்க.”

“பூத்துல சொல்லலையா?”

“சொன்னானே. மாத்திரயப் பத்திக் கேட்டாங்கன்னான். சாப்பிடறேன்னு சொல்லிடுன்னேன். அவன் சொல்லலையா?”

நான் விஷயத்தைத் தொடங்குவதற்குள் அவர் மனைவி ஹமீதா ஒரு தட்டில் இறால் வைத்த வாடாவும் தம்ரூட் என்ற ரவை இனிப்புத் துண்டுகளும் கொண்டுவந்து வைத்தார். முதலில் பேச வேண்டும் என்றேன். “வந்தவங்க வாய நனைக்காமப் பேசுனா வீட்டுக்கு ஆவாதுங்க” என்றார். வாடாவைக் கடித்துக்கொண்டே, கல்லீரல் என்ற சொல்லை எப்படி எடுப்பது என்று யோசித்தேன். ஜமால் தம்ரூட்டில் கைவைத்தார். நான் பார்த்ததைக் கவனித்து, “மருந்துதான் இருக்கே அக்கா” என்றார். சர்க்கரையை அது குறைக்காது என்று அவரிடம் ஐந்து முறை சொல்லியிருக்கிறேன். ஐந்துக்கும் தேதி இருக்கிறது.

சொன்னேன். கல்லீரலைப் பற்றியும், மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும் என்றும். தட்டை யாரும் தொடவில்லை. ஹமீதா உள்ளே போய் ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். எண்ணினேன். கணக்குப்படி மூன்று புட்டிகளிலுமாக எழுபது மீதி இருக்க வேண்டும். அதில் ஐந்து இருந்தன.

“மத்த ரெண்டு புட்டி?”

“குடுத்துட்டேன்” என்றார் ஜமால், சோப்பையும் சேலையையும் பற்றிச் சொல்வதுபோல. “பெட்டி பிரிக்கிற அன்னிக்கு ஒண்ணு கூடப்பொறந்த லாத்தாவுக்கு. அவங்களுக்கும் சர்க்கர, காலு எரியும். இன்னொண்ணு நம்ம சாமிநாதனுக்கு. என்கூட ஆறு வருஷம் ஒரே அடுப்புல நின்னவன். திருப்பனந்தாள்ல வெவசாயம் பாக்கறான். மூணும் குடுத்துட்டா எனக்கு இல்லையேன்னு ஒண்ண வச்சிக்கிட்டு, ஒரு நாளைக்கு ஒண்ணா மிச்சம் புடிச்சி சாப்பிட்டேன்.”

“யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதியிருந்ததே!”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. புட்டியை என் பக்கம் திருப்பினார். “எங்க எழுதியிருக்கு? நீங்க எழுதுனதுதான், படிங்க. ‘உங்கள் உபயோகத்துக்கு மட்டும்.’ உங்கள்னா யாரு? நானு, லாத்தா, சாமிநாதன். எங்களுக்குத்தான் குடுத்தேன். எதிர்வீட்டு ஹாஜியார் ரெண்டே ரெண்டு கேட்டாரு. இந்தச் சீட்டக் காட்டி, எழுதியிருக்கு பாருங்க, வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். அதுலேர்ந்து அவரு என்கிட்ட பேசறதில்ல.”

நான் எழுதியதைத்தான் படித்தேன். ஆங்கில மூலத்தில் அது நோயாளி ஒருவரை மட்டும் குறித்தது. தமிழில் ‘உன்’ என்று போட்டால் வயது வந்த மனிதரை அவமதிப்பதாகும். ஆகவே ‘உங்கள்’ என்று போட்டேன். மரியாதைக்காக நான் சேர்த்த ‘கள்’ அவர் வீட்டில் குடும்பமாகவும் நட்பாகவும் பெருகியிருந்தது. அந்தத் தாளை மூன்று பேர் சரிபார்த்தார்கள். மூன்று பேரும் சிங்கப்பூரில், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து படித்தவர்கள். நான்காவது ஆள் நான்.

லாத்தா வீடு அடுத்த தெருவில். ஜமாலின் அக்கா ரஹ்மத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பீரோவைத் திறந்து, பட்டுச்சேலை மடிப்புக்குள்ளிருந்து புட்டியை எடுத்தார். மூடியின் முத்திரைகூட உடையவில்லை.

“சாப்பிடலையா?”

“தீந்து போச்சுன்னா அப்பறம் எவன் குடுப்பான்? ரொம்ப எரியறப்பப் பாத்துக்கலாம்னு வச்சிருந்தேன்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விஷயம் தெரிந்ததும் கையை விடுவித்துக்கொண்டார். “அப்ப இது வெஷமா?”

“மருந்துதான் லாத்தா. யாருக்கு என்ன செய்யும் என்று முழுதாகத் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சோதனை.”

“சோதனைன்னா அல்லா குடுக்கறதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். டாக்டரும் குடுப்பாங்களா?”

ஜமால் சிரித்தார். பதில் என் கோப்பில் பதினொரு பக்கங்களாக இருந்தது; அதில் ஒரு வரிகூட அந்த அறையில் சொல்லத்தக்கதாக இல்லை.

பிற்பகலில் ஜமாலை நாகப்பட்டினத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்தவர், ஜமாலைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “பயப்படாதீங்கம்மா” என்றார். ஆறரைக்கு முடிவு வந்தது. கல்லீரல் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது, அஞ்சும்படி இல்லை. திரும்பும்போது கடைத்தெருவில் நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் வாங்கும் கூட்டம். ஜமால் பை நிறைய வாங்கினார். நான் மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு புட்டிகள் கைக்கு வந்துவிட்டன. இன்னும் ஒன்று.

ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. சாமிநாதன் வீட்டில் தொலைபேசி இல்லை. ஜமாலும் நானும் காலை ஆறு மணிக்கே பேருந்து ஏறினோம். அதற்கு முன்பே ஹமீதா இட்லியும் மீன்குழம்பும் சாப்பிடவைத்திருந்தார்.

சம்பா அறுப்பு தொடங்கியிருந்தது. திருவாரூர் தாண்டி ஓர் ஊரில், நெல் உதிர வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று அறுத்த கதிர்த்தாளைச் சாலை நெடுகப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பேருந்து அதன்மேல் ஏறி ஐம்பதடி போய் நின்றுவிட்டது. வைக்கோல் பின்சக்கர அச்சில் கயிறுபோலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் வயலில் இருந்தவரிடம் அரிவாள் வாங்கிக்கொண்டு அடியில் புகுந்தார்.

“சிங்கப்பூர் ரோட்ல இப்படிப் போட்டா என்ன ஆவும்?” என்று நடத்துநர் ஜமாலைக் கேட்டார். யார் எங்கிருந்து வந்தவர் என்று பத்து நிமிடத்தில் பேருந்து முழுக்கத் தெரிந்திருந்தது.

“அபராதம் போடுவாங்க.”

“இங்கயும் அபராதந்தான். போட்டவனுக்கு இல்ல, ஏறுனவனுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஜமால் அதைக் கவனித்துவிட்டு, “ஏன் அக்கா தவிக்கிறீங்க? சாமிநாதன் நல்லாத்தான் இருக்கான். போன வாரம் லெட்டர் போட்டானே” என்று சட்டைப்பையிலிருந்து ஒரு உள்நாட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

படித்தேன். ‘நீ கொடுத்த மாத்திரையால் கால் எரிச்சல் அறவே நின்றுவிட்டது. இந்த உபகாரத்தை மறக்க மாட்டேன். காலை ஒன்று, இரவு ஒன்று தவறாமல் சாப்பிடுகிறேன். பொங்கல் கொண்டாட முடியவில்லை. மஞ்சள்காமாலை வந்து பத்தியத்தில் இருக்கிறேன். மற்றபடி நலம்.’

“இதை நேற்றே ஏன் காட்டவில்லை?”

“மாத்திரயப் பத்தித்தானே கேட்டீங்க? காமாலை வேறயில்ல?”

அச்சிலிருந்து வைக்கோலை அறுத்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. அந்த இருபத்தைந்து நிமிடமும் நான் சாலையில் நின்றுகொண்டு, அடியிலிருந்து வெளியே நீண்டிருந்த ஓட்டுநரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதத்தை ஜமாலிடம் நான் விளக்கவில்லை. அவரே இன்னொரு முறை படித்தார். பிறகு கும்பகோணம் வரை அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

சாமிநாதன் திருப்பனந்தாளுக்கு வெளியே தன் களத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஜமாலைக் கட்டிக்கொண்டார். கண்கள் பழுத்த எலுமிச்சை நிறம். நகங்களும் அப்படியே. காலில் செருப்பு இருந்தது. அதைத்தான் முதலில் காட்டினார்.

“பாருங்கம்மா. மூணு வருஷமா செருப்பு போட முடியாது. நெருப்புல நிக்கிற மாதிரி இருக்கும். ராத்திரி பூரா இவ தண்ணி ஊத்திக்கிட்டிருப்பா. இப்ப தூங்கறேன்.”

அவர் மனைவி செல்வி ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்தார், அது சாமிநாதனுக்கு. கீழாநெல்லி அரைத்துக் கலந்தது. “உப்பு கெடையாது, புளி கெடையாது, எண்ண கெடையாது. இருபத்தோரு நாளு. ஒரு நாளுகூட நான் விடல” என்றார்.

“அந்த மாத்திரையை நிறுத்தவில்லையா?”

“அது எதுக்கு நிறுத்தணும்?” என்றார் சாமிநாதன். “அது காலுக்கு. இது காமாலைக்கு. ரெண்டும் வேற வேறதானே?”

வாய்க்குள் அறிவியல் எல்லாம் தயாராக இருந்தது. நொதி என்றேன். நொதித்துப்போன மாவா என்று செல்வி கேட்டார். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, களத்துக்குப் பக்கத்தில் ஓடிய வாய்க்காலைக் காட்டினேன். சர்க்கரை ஒரு மடை வழியாக உங்கள் நரம்புக்குள் பாய்கிறது, மாத்திரை அந்த மடையை அடைக்கிறது, அதனால்தான் எரிச்சல் நின்றது என்றேன்.

அவர் வாய்க்காலைப் பார்த்தார். “மடைய அடச்சா வர்ற தண்ணி நிக்காதேம்மா. வேற எங்கயாவது ஒடைக்குமே.”

“ஆமாம்.”

“எங்க ஒடைக்கும்?”

அவருடைய வலது விலாவின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினேன். உண்மையில் கல்லீரல் ஏன் கெடுகிறது என்று எங்கள் டாக்டர்களுக்கே அன்று தெரியாது. நான் சொன்னது பாதிதான் சரி. ஆனால் மாத்திரையை வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

செல்விக்குத்தான் முதலில் புரிந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ப் புட்டியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். “நாந்தாம்மா காலையில எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கும் குடுத்தேன்.” நான்கு மாத்திரைகள் இருந்தன. சாமிநாதன் கையை நீட்டினார்.

“இந்த நாலையும் வச்சிட்டுப் போங்க. ரொம்ப முடியாதப்ப ஒண்ணு...”

“குடுங்கக்கா, உள்ள வைங்க பையில” என்றார் ஜமால். “டேய், நாந்தாண்டா குடுத்தேன். நானே புடுங்கறேன்னு வச்சிக்க.”

“நீ குடுக்காம இருந்திருந்தா உன்ன விட்டிருக்கவே மாட்டேன்டா” என்றார் சாமிநாதன்.

தஞ்சாவூருக்குப் போக வாடகைக் கார் கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. திருவிடைமருதூருக்கு அருகே ரயில்வே கேட் போட்டிருந்தது. காத்திருந்தபோது சாமிநாதன் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தார். மோர்தான் வந்தது. ஜமால் தன் துண்டால் அவர் வாயைத் துடைத்தார். சிங்கப்பூரில் இந்த நேரத்துக்கு ஆம்புலன்ஸ் வந்து, ஆளை ஏற்றி, படிவமும் எழுதி முடித்திருப்பார்கள் என்று தோன்றியது. அடுத்த நிமிடமே, அங்கே எழுதிய படிவம்தானே இவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்றும் தோன்றியது. ஒரு கூட்ஸ் வண்டி அவசரமில்லாமல் போனது.

தஞ்சாவூரில் மருத்துவமனையில் இருந்த பெண் டாக்டருக்கு முப்பது வயதிருக்கும். “என்ன மாத்திரை?” என்றார். பெயர் இல்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுத்தையும் எண்களையும் சொன்னேன். டிசம்பர் பதினேழிலிருந்து முதல் பதினைந்து நாள் தினம் ஒன்று, அதன்பின் இரண்டு, இன்று காலை ஒன்று, மொத்தம் ஐம்பத்தாறு என்றேன். எதிரே இருந்த பூத்திலிருந்து எங்கள் டாக்டரை அழைத்து இருவரையும் பேசவைத்தேன். பேசி முடித்துவிட்டு வந்தவர், “இத்தோட நின்னா கல்லீரல் தானாவே தேறலாம். தேறாமலும் போகலாம். ரெண்டு நாள்ல தெரியும்” என்றார். அவரும் ‘லாம்’ என்றுதான் முடித்தார்.

“நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?”

“மஞ்சளப் பாத்துப் பயப்படாதீங்க. மூளைக்குப் போகுதான்னு பாக்கணும். பேச்சு குழறுதா, கிழமை மறக்கறாரா, எங்க இருக்கோம்னு தெரியலையா, ஆளு அடையாளம் தெரியலையா. காலையில எழுந்ததும் கேளுங்க. ஒண்ணு தப்பினாலும் உடனே கூப்பிடுங்க.”

ஐந்து மணிக்குள்ளேயே சாமிநாதன் கால்களைத் தேய்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தார். எரிச்சல் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது என்று எனக்குத் தெரியும், பயத்திலேயே எரிந்திருக்கலாம். செல்வி ஒரு துணியை நனைத்துப் பாதத்தில் சுற்றினார். ஜமாலும் செல்வியும் வார்டில் தங்கினார்கள். பெண்கள் ஒருவருக்கு மேல் தங்கக் கூடாது என்று காவலாளி என்னை அனுப்பிவிட்டார். விடுதியில் தயிர்சாதம் வாங்கி, பாதி சாப்பிட்டேன். நோட்டில் கேள்விகளை வரிசையாக எழுதினேன். பெயர், கிழமை, இடம், ஆள். ‘உங்கள் பெயர்’ என்று எழுதிவிட்டு அடித்து, ‘பெயர்’ என்று மட்டும் வைத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை, ஆறு மணிக்கு முதல் வேலையாக வார்டுக்குப் போனேன். கதவு திறந்ததும் உள்ளே போன முதல் ஆள் நான். செல்வி படுக்கையின் காலடியில், ஈரத்துணியைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தார். ஜமால் சுவரில் சாய்ந்து நின்றார். சாமிநாதன் கண்ணைத் திறந்தார். நிறம் நேற்றுப் போலவே இருந்தது.

“பெயர் சொல்லுங்க.”

“சாமிநாதன்.” குரல் மெல்லியது. குழறவில்லை.

“இன்னிக்கு என்ன கிழமை?”

கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். ஜமால் வாயைத் திறக்கப் போனார். நான் கையால் தடுத்தேன். “திங்க” என்றார் சாமிநாதன்.

“எங்க இருக்கீங்க?”

“தஞ்சாவூரு. பெரியாஸ்பத்திரி.”

“நான் யாரு?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மாத்திரயப் புடுங்கிட்டுப் போன பொம்பள” என்றார்.

நோட்டில் நேரம் எழுதினேன், 6.10. அதன் கீழே, நான்கும் சரி என்று எழுதினேன்.